எடைமேடை ரோலில் எழுதியது

முற்றுப்புள்ளி வைக்காதே என்றான் பெனடிக்ட், யோசிக்காதே, அடிக்காதே, திருத்தாதே, மூச்சு முட்டுகிற இடத்தில் ஒரு கோடு இழு, அவ்வளவுதான், எங்கோ ஒரு தேசத்தில் ஒருத்தன் அப்படித்தான் சுருள் சுருளாக எழுதித் தள்ளினானாம் —

மூச்சு முட்டுவதைப் பற்றி என்னிடமா சொல்கிறாய், நான் வெள்ளைக்கல் சுரங்கத்துத் தூசியைக் குடித்து வளர்ந்த இழுப்புக்காரன், எனக்கு எல்லா இடமும் கோடுதான்டா —

செவ்வாய்ப்பேட்டை எடைமேடையில் ராத்திரி ஷிப்டு, ஒன்றே காலுக்கு அர்த்தனாரியின் லாரி ஜவ்வரிசி மூட்டையோடு ஏறியது, பதினாறு டன் முந்நூற்றிருபது, இறங்கியது, போனது, பில் மிஷினில் மாட்டவேண்டிய புது ரோலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஷட்டரை இழுத்துவிட்டேன், நாளைக்கு முதலாளி கேட்டால் எலி தின்றது என்பேன், இல்லை, உண்மையைச் சொல்வேன், இல்லை, எலிதான்

இப்போது பெனடிக்ட்டின் பழைய யமஹாவில் பின்சீட்டில், முதுகையே பலகையாக்கி அவன் சட்டை மேல் காகிதம் வைத்து எழுதுகிறேன், ஐந்து ரோடு, ஒரு தட்டுவடை வண்டி தார்ப்பாய் போர்த்தித் தூங்குகிறது, பீட்ரூட் துருவல் இன்னும் சக்கரத்தடியில் சிவப்பாக, அஸ்தம்பட்டி, கோரிமேடு, வேகத்தடை, பேனா எகிறி 'ம' ஒன்று மலையாகிவிட்டது, திருத்தவில்லை பார், அப்படியே விட்டுவிட்டேன்

அடிவாரத்துச் சோதனைச்சாவடியில் டார்ச் அடித்து
என்னய்யா இவ்ளோ நீளத்துக்கு பில்லு
சார் இது பில்லு இல்ல
அப்ப என்ன
தெரியல சார், இன்னும் முடியல
அவர் இரண்டு முழம் படித்தார், உதட்டை அசைத்து அசைத்து, 'எலிதான்' வந்ததும் சிரித்தார், போ என்றார்

முதல் வளைவு இரண்டாம் வளைவு மூன்று, குரங்குகள் எங்கே தூங்கும், நாலு, இந்த இருட்டுக்கு ஒரு வாசனை இருக்கிறது நனைந்த தீப்பெட்டி மாதிரி, ஐந்து, தில்லைக்கரசி போன வருஷம் இந்த வளைவில்தான் வாந்தி எடுத்தாள், வாயைக் கழுவிக்கொண்டு உன்னைக் கட்டிக்கமாட்டேன் என்றாள், ரெண்டும் ஒரே நிமிஷத்தில், எனக்கு வாந்திதான் முதலில் ஞாபகம் வருகிறது, ஆறு, ஏழு, சில்வர் ஓக் வரிசை ஹெட்லைட்டில் எழுந்து எழுந்து உட்காருகிறது, எட்டு, குளிர், குளிர் நெஞ்சுக்குள்

வந்துவிட்டது
—
விசில்
எனக்குள்ளே ஒரு
—
நிறுத்துடா
—
பம்பு எங்கே
பை
சின்ன ஜிப்
—
ஒன்று
—
இரண்டு
—
காற்று

காற்று என்ன ருசி தெரியுமா, யாருக்கும் தெரியாது, கெட்டுப்போய்த் திரும்பி வந்தவனுக்குத்தான் தெரியும், பெனடிக்ட் மைல்கல்லில் உட்கார்ந்து இது நல்லாருக்குடா இந்தக் கோடெல்லாம் என்கிறான், படுபாவி, நான் சாகிறேன் அவன் படிக்கிறான், மடியிலிருந்து நழுவிய ரோல் உருண்டு சைலன்சரில் ஒட்டிக்கிடந்ததை இரண்டு பேரும் பார்க்கவில்லை, சூடு பட்டால் கருக்கும் காகிதம் அது, அஸ்தம்பட்டி முதல் கோரிமேடு வரை மொத்தமும் கன்னங்கரேல், தட்டுவடை வண்டி போச்சு, பீட்ரூட் போச்சு, மலையான 'ம' போச்சு, திரும்ப எழுதட்டுமா என்றேன், கூடாது என்றான், அந்தக் கருப்பையும் சேர்த்துப் படிக்கணும் என்றான், ஆனால் மேலே இருக்கிறதே தட்டுவடை வண்டி என்று நீங்கள் கேட்பீர்கள், ஆமாம், ஏமாற்றிவிட்டேன், பதினான்காம் வளைவில் அவனுக்குத் தெரியாமல் ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதினேன், முதலில் எழுதியதில் பீட்ரூட் இருந்ததா என்றுகூட இப்போது நிச்சயமில்லை

இருபது, மேலே வந்துவிட்டோம், ஏரிக்கரை டீக்கடையில் பால் இன்னும் கொதிக்கவில்லை, கீழே சேலம் யாரோ கொட்டிவிட்டுப் பொறுக்காமல் போன கொலுசு மணிகள், இந்த உவமை வேண்டாம், அடிக்கக்கூடாதாமே, இருந்து தொலையட்டும், காகித ஓரத்தில் சிவப்புக் கோடு தெரிய ஆரம்பித்துவிட்டது, ரோல் தீரப்போகிறது மாற்று என்பதற்காகக் கம்பெனிக்காரன் போட்ட கோடு, எடைமேடையில் இதைப் பார்த்தால் லாரிக்காரனை நிற்கச் சொல்வேன், பெனடிக்ட் டீ டம்ளரை நீட்டுகிறான், ஒரு கையில்தான் வாங்க முடியும், இன்னும் நாலு விரற்கடை இருக்கிறது, இங்கே பனி எப்படி இறங்குகிறது என்றால்